தாதியியல் முதுமாணி ஆய்வேடு இழுபடாமல் முடிய: திருகோணமலையில் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு

முதுமாணிப் படிப்பில் பாடங்கள் ஒருமாதிரி முடிந்துவிடும். சோதனை, அசைன்மென்ட், பிரசன்டேஷன் என்று எல்லாவற்றுக்கும் ஒரு திகதி இருக்கிறது, அந்தத் திகதிக்கு எப்படியோ ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுகிறோம். ஆய்வேட்டுக்கு நடுவில் திகதியே கிடையாது. கடைசியில் ஒன்று மட்டும் இருக்கும், அது தூரத்தில் இருக்கும்வரை யாருக்கும் பயம் வராது. திருகோணமலையில் டியூட்டி செய்துகொண்டு, வகுப்புக்காக இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய் வந்து படிக்கிற தாதிய உத்தியோகத்தர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லோரும் கெட்டிக்காரர்கள். அவர்கள் ஆய்வேட்டில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது மனவருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஆட்கள் மாறினாலும் மாட்டுப்படுகிற இடங்கள் மாறுவதில்லை, முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

எழுத வராததால்தான் பிந்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதிக காலம் போவது காத்திருப்பில்தான். மேற்பார்வையாளர் பதில் போடும்வரை, நெறிமுறைக் குழு கூடும்வரை, பணிப்பாளர் கையெழுத்து வைக்கும்வரை, வினாக்கொத்தின் உரிமையாளர் அனுமதி தரும்வரை, சிங்களத்துக்கு மொழிபெயர்ப்பவர் திருப்பித் தரும்வரை. ஒவ்வொன்றும் தனித்தனியே இரண்டு மூன்று கிழமைதான், ஆனால் ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையில் விட்டால் ஒரு வருடம் போய்விடும். ஆகவே கீழே நான் சொல்வது பெரும்பாலும் இரண்டு விடயங்களைப் பற்றித்தான்: எந்தக் காத்திருப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடலாம், காத்திருக்கும் நாட்களில் கையில் என்ன வேலை வைத்திருக்கலாம்.

தலைப்பு எடுக்கும்போதே ஆட்களை எண்ணுங்கள்

தலைப்பு நல்லதா, புதிதா என்று யோசிப்பதற்கு முன் கிளினிக் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தேவையான மாதிரியான நோயாளிகள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்களில் சம்மதிப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்பு என்று எடுத்தால் மருத்துவக் கிளினிக்கில் ஆட்களுக்குக் குறைவில்லை. அதையே காலில் புண் வந்து விரல் எடுக்கப்பட்டவர்கள் என்று சுருக்கினால், ஒரு ஆஸ்பத்திரியை மட்டும் நம்பி நூறு பேரைச் சேர்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று பதிவேடே சொல்லிவிடும். இந்த ஒரு மணி நேர வேலையைச் செய்யாமல் தலைப்பை அங்கீகரிக்க வைத்துவிட்டு, தரவு சேர்க்கும் மாதங்களில் ஆள் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பதுதான் மிகக் கொடுமையான பிந்தல், ஏனென்றால் அப்போது தலைப்பை மாற்றினால் நெறிமுறை அனுமதியையும் திரும்ப எடுக்க வேண்டும்.

மாதிரி அளவிலும் ஒரு வீண் பயம் இருக்கிறது. 384 என்ற எண்ணைக் கேட்காத மாணவர் இல்லை. 95 சதவீத நம்பிக்கை மட்டம், 5 சதவீத வழு, பரவல் (எத்தனை சதவீதம் பேரிடம் அது இருக்கிறது என்பது) 50 சதவீதம் என்று மாதிரி அளவு கணிக்கும் கொக்ரன் சூத்திரத்தில் போட்டால் வருவது அது. ஆனால் உங்கள் குடித்தொகையே சிறியது என்றால் அதற்கேற்ப எண்ணைக் குறைக்கலாம். உதாரணமாக ஆய்வுக்குத் தகுதியான தாதியர் மொத்தம் 300 பேர் என்றால் 169 பேர் போதும், மறுப்பவர்களுக்கும் அரைகுறைப் படிவங்களுக்குமாக 10 சதவீதம் விட்டால் 188. இதுவும் ஒரு பரவலை மதிப்பிடும் ஆய்வுக்குத்தான் பொருந்தும். இரண்டு குழுக்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, ஜி பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் புள்ளிவிபரம் தெரிந்த ஒருவரை முன்மொழிவு எழுதும்போதே போய்ப் பாருங்கள். தரவைச் சேர்த்து முடித்த பிறகு போனால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணுக்குப் பயந்து நேர்காணல் ஆய்வுக்குப் போகிறவர்களும் உண்டு. பதினைந்து பேர்தானே, சுகம் என்று. ஒரு மணி நேர நேர்காணலைக் கேட்டுக் கேட்டு எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும், அப்புறம் அது தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும், மேற்கோள்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும், சொன்ன கருத்துகளை வகைப்படுத்திக் குறியிட வேண்டும். கேள்வி அப்படிப்பட்டதாக இருந்தால் கட்டாயம் செய்யுங்கள், அருமையான ஆய்வுகள் அப்படித்தான் வருகின்றன. வேலை குறைவு என்று மட்டும் நினைத்து எடுக்காதீர்கள்.

வினாக்கொத்துக்கு அனுமதி, மூன்று மொழி

இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு அளவுகோலைப் பாவிக்க முடியாது. தாதியரின் வேலைச்சோர்வு (பேர்ன்அவுட்) பற்றிய ஆய்வுகளில் வருகிற மஸ்லாக் அளவுகோல், 22 கேள்விகள் கொண்டது, பணம் கட்டித்தான் உரிமம் எடுக்க வேண்டும். மருந்து ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்க்கும் மொறிஸ்கியின் எட்டுக் கேள்வி அளவுகோலும் அப்படித்தான். உரிமம் இல்லாமல் பாவித்தவர்களிடம் பிறகு கட்டணம் கேட்கப்பட்டதும், வெளியான கட்டுரை மீளப்பெறப்பட்டதும் நடந்திருக்கிறது. மனச்சோர்வைப் பார்க்கும் பி.எச்.க்யூ-9 இலவசம். பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைப் பார்க்கும் எடின்பரோ அளவுகோலை, 1987இல் வந்தது, பத்துக் கேள்விகள், மூலத்தை ஒழுங்காகக் குறிப்பிட்டுப் பாவிக்கலாம். ஆகவே தலைப்பு முடிவான அன்றைக்கே அளவுகோலின் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். இரண்டாவது தெரிவு ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

திருகோணமலையில் மொழி ஒரு தனி வேலை. நகரத்தில் மூன்று சமூகத்தவரும் ஒரே கிளினிக் வாங்கில் இருப்பார்கள், கந்தளாய்ப் பக்கம் பெரும்பாலும் சிங்களம், கிண்ணியா மூதூரில் தமிழ், ஆனால் நகரத்துத் தமிழ் அல்ல. ஒரு மொழியில் மட்டும் படிவம் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால் ஏன் விலக்கினீர்கள் என்று குழு கேட்கும், கேட்கவும் வேண்டும். தமிழ்ப் பதிப்பு ஏற்கெனவே இருந்தாலும் அது தமிழ்நாட்டில் செய்யப்பட்டதா இலங்கையில் செய்யப்பட்டதா என்று பாருங்கள், பார்த்துவிட்டு நாலைந்து தாய்மாரிடம் வாசித்துக் காட்டி எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பே இல்லாவிட்டால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டு மொழிக்கும் நான்கு ஆட்கள் தேவை. நெறிமுறைக் குழு மொழிபெயர்ப்புகளையும் சேர்த்தே கேட்கும் என்பதால், இந்த நான்கு பேரையும் முன்மொழிவு எழுதும் காலத்திலேயே பிடித்து வையுங்கள். நன்றாகச் சிங்களம் தெரிந்த சக தாதியர் உங்கள் வாட்டிலேயே இருப்பார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடிதங்களும் குழுக்களும்

இது கொஞ்சம் நீளமாகப் போகும், ஏனென்றால் இங்கேதான் அதிக மாதங்கள் தொலைகின்றன.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைப்பதற்கு முன் சேர்த்த தரவைப் பாவிக்க முடியாது. பிறகு அனுமதி எடுத்து அதைச் சரிக்கட்டவும் முடியாது. பல குழுக்கள் மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும், அதற்கு முன் ஆவணங்களை ஒப்படைக்க ஒரு கடைசித் திகதி இருக்கும், அதை ஒரு நாளால் தவறவிட்டால் ஒரு மாதம் போய்விட்டது. முதல் தடவையிலேயே அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒரு முறையாவது திருத்தம் கேட்டு வரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் தெரிந்ததுதான். தகவல் தாள் மூன்று மொழியிலும் இருக்கிறதா, அதில் தொடர்பு கொள்ள யாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கிறது, படிவங்களை எங்கே பூட்டி வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள், நேர்காணலில் ஒருவர் அழுதாலோ தற்கொலை எண்ணம் சொன்னாலோ யாரிடம் அனுப்புவீர்கள். இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டே போய் ஒப்படைத்தால் ஒரு சுற்று மிச்சம்.

அவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நீங்கள் வேலை செய்யும் வாட்டிலேயே, நீங்கள் பராமரிக்கும் நோயாளியிடமே போய்ச் சம்மதம் கேட்டால் அவர் எப்படி மாட்டேன் என்று சொல்வார்? மிஸ்ஸி கோபித்துக்கொண்டால் நாளைக்கு மருந்து தருவாவோ என்று பயப்படுகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அது நடக்காது என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே வேறு வாட்டில் செய்யுங்கள், அல்லது சீருடை இல்லாமல் ஓய்வு நாளில் போங்கள், அல்லது பயிற்சி கொடுத்த வேறு ஒருவர் சம்மதம் எடுக்கட்டும். எதைச் செய்யப் போகிறீர்கள் என்று முன்மொழிவிலேயே தெளிவாக எழுதுங்கள்.

நிறுவன அனுமதி தனி. ஆஸ்பத்திரிக்குப் பணிப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக் கிளினிக்குகளுக்குப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று மூன்று இடத்தில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் மூன்று இடத்துக்கும் கடிதம். அரசாங்கக் கடிதம் 'ஊடாக' என்று போட்டு ஒவ்வொரு மேசையாகத்தான் ஏறும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், அது எந்த மேசையில் நிற்கிறது என்று கிழமைக்கு ஒரு தடவை மரியாதையாக விசாரிப்பதில் ஒரு பிழையும் இல்லை. கடிதத்தோடு ஒரே பக்கத்தில் ஆய்வின் சுருக்கத்தை வையுங்கள்: யாரிடம், எத்தனை பேரிடம், எத்தனை நிமிடம், வாட் வேலை தடைப்படுமா. வாசிக்க இரண்டு நிமிடம் போதுமானால் கையெழுத்தும் சீக்கிரம் கிடைக்கும். பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொள்கையளவில் அனுமதி தரலாம் என்ற கடிதத்தை நெறிமுறைக் குழுவுக்குப் போகும் அதே நாட்களில் கேட்டு வையுங்கள், குழுவின் சான்றிதழ் வந்த பிறகுதான் கேட்பது என்று இருந்தால் இரண்டு காத்திருப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பழைய பி.எச்.ரி.களில் (வாட்டில் நோயாளியின் சிகிச்சை விபரம் எழுதும் பதிவுகளில்) இருந்து தரவு எடுக்கிறீர்கள் என்றால் பதிவேட்டு அறைப் பொறுப்பாளரிடமும் தனியாகக் கதையுங்கள். இருபது பி.எச்.ரி.யை எடுத்து, உங்களுக்குத் தேவையான விபரம் எத்தனையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கும் அனுமதி கேளுங்கள். பாதியில் இல்லை என்றால் அந்த மாறியைக் கைவிடுங்கள். ஒன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

எந்த மாதத்தில் சேர்ப்பது

ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை மழைக்காலம். வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் வந்தால் கிளினிக்குக்கு ஆட்கள் வர மாட்டார்கள், நீங்களும் போய்ச் சேர மாட்டீர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு படகுப் பாதையில் ஏறிக் கடக்கிற காலம் போய்விட்டது, ஆனாலும் மழை மழைதான். நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காலை வேளையில் அரை மணி நேர நேர்காணல் கேட்பது அவர்களுக்கும் கஷ்டம், நீரிழிவு நோயாளிகளின் உணவும் மருந்து நேரமும் அந்த மாதத்தில் மாறியிருப்பதால் உங்கள் தரவும் வேறு மாதிரி வரும். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னால் வரும், உங்கள் வருடத்துக்கு எப்போது என்று பாருங்கள். ஏப்ரலில் வருடப்பிறப்பு, மாதத்துக்கு ஒரு போயா, கிளினிக் நாளில் போயா வந்தால் அந்தக் கிழமை இல்லை. இவ்வளவையும் கழித்தால் நிம்மதியாகத் தரவு சேர்க்க மே முதல் செப்டெம்பர் வரை கிடைக்கும். அந்த மே மாதத்தில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குழுவுக்கு எப்போது கொடுக்க வேண்டும், மொழிபெயர்ப்பு எப்போது முடிய வேண்டும், அளவுகோலுக்கு எப்போது எழுத வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும்.

மேற்பார்வையாளரிடம் இருந்து பதில் எடுப்பது

அவர் தூரத்தில் இருக்கிறார், உங்களைப் போல இன்னும் பல மாணவர்கள் அவருக்கு இருக்கிறார்கள். 'சேர், இரண்டாம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்' என்று நாற்பது பக்கத்தை அனுப்பினால் அது ஓய்வான ஒரு நாளுக்காகக் காத்திருக்கும், அந்த நாள் வராது. ஐந்தாறு பக்கம் அனுப்புங்கள். எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் என்று இரண்டு கேள்வி எழுதுங்கள், எந்தத் திகதிக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றும், அதுவரை நீங்கள் எந்தப் பகுதியில் வேலை செய்துகொண்டிருப்பீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு கிழமையில் பதில் இல்லாவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல். பயந்துகொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எழுதி முடிக்கவில்லையே எந்த முகத்தோடு கதைப்பது என்று. எழுதாத மாதத்திலும் கதையுங்கள், அந்த மாதத்தில்தான் அவருடைய உதவி உண்மையில் தேவை.

போனிலோ வட்ஸ்அப் குரல் பதிவிலோ அவர் சொன்ன திருத்தங்களை அன்றைக்கே எழுதி, 'நீங்கள் சொன்னதாக நான் விளங்கிக்கொண்டது இது' என்று மின்னஞ்சலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு மாதிரிச் சொன்னாலும், மேற்பார்வையாளரே மாறினாலும், கையில் ஒரு பதிவு இருக்கும்.

ரோஸ்டருக்குள் எழுதுவது

காலை ஏழு முதல் ஒன்று, ஒன்று முதல் ஏழு, இரவு என்றால் ஏழு முதல் ஏழு. அதற்கு மேல் ஓவர்டைம். ஓவர்டைமை விட்டுவிடுங்கள் என்று சொல்வது சுலபம், வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் டியூஷனையும் அதை நம்பித்தான் பலர் ஓட்டுகிறார்கள். ஆகவே எல்லா மாதமும் அல்ல, தரவு சேர்க்கும் மாதங்களிலும் கடைசி எழுத்து மாதங்களிலும் மட்டும் குறைப்பது என்று வீட்டில் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள், லீவையும் அந்த மாதங்களுக்கே சேர்த்து வையுங்கள். சிஸ்டரிடம் ரோஸ்டர் போட்ட பிறகு மாற்றம் கேட்பதைவிட, போடுவதற்கு முன்பே கிழமையில் எந்த இரண்டு அரை நாள் வேண்டும் என்று சொல்லிவிடுவது அவருக்கும் சுகம். நைட் முடிந்து வந்த காலையில் எழுத உட்காராதீர்கள், தூங்குங்கள். களைத்த மூளைக்கு மேற்கோள் ஒழுங்குபடுத்துவது, அட்டவணைக்குக் கோடு போடுவது போன்ற கை வேலைகளை ஒதுக்கி வையுங்கள்.

பெண்களுக்கு வீட்டில் இன்னொரு டியூட்டி இருக்கிறது, அதைப் பேசாமல் நேர முகாமைத்துவம் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த இரண்டு அரை நாளும் சமையல், பிள்ளைகள், மாமியின் கிளினிக் எதுவும் என்னிடம் வராது என்று கணவரிடமும் அம்மாவிடமும் எந்தத் திகதி வரைக்கும் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். முடிவுத் திகதி தெரிந்தால் ஆட்கள் தாங்கிக்கொள்வார்கள். வீட்டில் முடியாவிட்டால் நூலகத்துக்குப் போங்கள்.

ஒவ்வொரு தடவை எழுதி முடிக்கும்போதும், டியூட்டி மாறும்போது அடுத்தவருக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல, உங்களுக்கே மூன்று வரி எழுதி வையுங்கள்: எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன, எந்தக் கட்டுரையைத் தேட வேண்டும். நான்கு நாள் கழித்துத் திரும்ப உட்காரும்போது முதல் அரை மணி நேரம் வீணாகாது.

ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பதாலேயே கலந்துரையாடல் அத்தியாயத்தில் பலர் உறைந்துபோகிறார்கள். முடிவுகள் என்ன சொல்கின்றன என்று தமிழில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், பக்கத்தில் இருக்கும் நேர்ஸுக்கு விளக்குகிற மாதிரி. பிறகு அதைக் கேட்டு எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். மொழி திருத்த சாட்ஜிபிடி போன்றவற்றை உங்கள் பல்கலைக்கழகம் அனுமதித்தால் பாவிக்கலாம், ஆனால் அவை தரும் மேற்கோள்களை நம்பாதீர்கள், இல்லாத கட்டுரைக்குப் பெயரும் வருடமும் போட்டுத் தரும். ஒவ்வொன்றையும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடி, கண்ணால் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும்போது முடித்து வைக்கக்கூடியவை

குழுவின் பதிலுக்குக் காத்திருக்கும் கிழமைகளில் முதல் மூன்று அத்தியாயங்களையும் எழுதி முடிக்கலாம், முன்மொழிவில் பாதி ஏற்கெனவே இருக்கிறது, எதிர்காலத்தை இறந்தகாலமாக மாற்றுவது பிறகு. மேற்கோள்களுக்கு முதல் நாளில் இருந்தே சொடேரோ பாவியுங்கள், இலவசம், கணக்கோடு 300 மெகாபைட் இடமும் தருகிறார்கள். தரவு இல்லாமலேயே வெறும் அட்டவணைகளை வரையுங்கள், எந்தக் கேள்விக்கு எந்த அட்டவணை விடை தரும் என்று. எந்த அட்டவணையிலும் வராத கேள்வி வினாக்கொத்தில் இருந்தால் வெட்டிவிடுங்கள். புள்ளிவிபரம் கணிக்கும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் இல்லாதவர்கள் ஜாமோவி என்ற இலவச மென்பொருளைப் பழகலாம், கோபோ டூல்பொக்ஸில் படிவத்தைப் போட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் நிரப்பி, வீட்டுக்கு வந்து ஏற்றலாம். தாளில் நிரப்பினால் அன்றன்றைக்கே கணினியில் பதியுங்கள். ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்கள் இருக்கின்றன: குறுக்குவெட்டு ஆய்வுக்கு (ஒரே தடவையில் தரவு எடுப்பது) ஸ்ட்ரோப் பட்டியலின் 22 விடயங்களும், நேர்காணல் ஆய்வுக்குக் கோரெக்கின் 32 விடயங்களும் ஒரு தாளில் பக்கத்தில் இருந்தால், பரீட்சகர் கேட்கப்போவதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு செய்தும் பிந்துகிறது என்றால், பதிவுக் காலம் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்பது வேறு கதை, கட்டணமும் கூடலாம், பதிவே ரத்தாகவும் கூடும். எது முடிந்தது, எது மீதி, எந்தத் திகதிக்கு எது என்று ஒரு பக்க அட்டவணையும், குழுவின் தாமதம் போன்றவற்றுக்கான திகதி முத்திரையிட்ட பிரதிகளும், மேற்பார்வையாளரின் சிறு கடிதமும் சேர்த்துக் கொடுங்கள். அந்த முத்திரைகளைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.